பதினொன்றாம் வகுப்பிலேயே ஒரு சீனியர்: குமரி மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி நீதிமன்றங்களில் தொழில் நடத்தும் வழக்கறிஞர் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நவம்பர் பிறந்தால் எங்கள் பள்ளிகளுக்கு வக்கீல்கள் வருவார்கள். 9ஆம் தேதி சட்டப் பணிகள் நாள், 14ஆம் தேதி குழந்தைகள் தினம், 26ஆம் தேதி அரசியலமைப்பு நாள். தலைமையாசிரியர் வரவேற்பார், சால்வை போர்த்துவோம். போக்சோ, குழந்தைத் திருமணம், ஹெல்மெட், செல்போன் எல்லாம் ஒரு மணி நேரத்தில் ஓடி முடியும். கடைசியில், "உங்களில் ஆருக்கெல்லாம் வக்கீலாக ஆசை?" என்று ஒரு கேள்வி வரும். பத்துப் பதினைந்து கைகள் உயரும். கைதட்டல், குரூப் போட்டோ, தேசிய கீதம். கை தூக்கிய பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று மறு நவம்பரில் வருகிறவர் யாரும் இதுவரை எங்களிடம் விசாரித்ததில்லை.

நான் விளவங்கோடு தாலுகாவில் ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. அவர்கள் என்ன ஆகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் சொல்கிற கல்லூரிக்குப் போவார்கள். பி.காம்., நர்சிங், டிப்ளமோ. பையன்களில் சிலர் மாமனோடு கொத்தனார் வேலைக்கு, சிலர் பாஸ்போர்ட் எடுத்துக் கல்ஃபுக்கு. சட்டப் படிப்புக்கு விண்ணப்பம் எப்போது வந்தது, எப்போது முடிந்தது என்று தெரியாமலே ஜூன் போய்விடும்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சட்டம் படிக்க விரும்புகிற, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறப்போகிற ஒரு பிளஸ் ஒன் பிள்ளையை உங்களில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். பள்ளியில் இரண்டு ஆண்டு, சட்டக் கல்லூரியில் ஐந்து ஆண்டு, பார் கவுன்சிலில் பெயர் பதியும்வரை. பணம் கேட்கவில்லை. சொற்பொழிவும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை, "எனக்கு ஒரு வக்கீலைத் தெரியும்" என்று சொல்ல முடிந்தால் போதும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தாத்தாவின் சீனியர், அப்பாவின் கிளாஸ்மேட், பக்கத்துச் சேம்பர் அங்கிள் என்று இந்தத் தொழிலில் ஆட்கள் பிறந்ததிலிருந்தே இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளின் வீட்டுக்கு வக்கீல் என்பவர் ஆபத்தோடு சேர்ந்து வருகிறவர். பைக் விபத்து, பாகப்பிரிவினை, அடிதடி. அப்போதும் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் குமஸ்தாவை. வாய்தா தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அப்பாவுக்கும் அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாவுக்கும் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால், அதை வாசித்து அர்த்தம் சொல்வது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான். வங்கி நோட்டீஸ், ரேஷன் கார்டு மனு, மின்வாரியக் கடிதம் எல்லாம் அதே கையில்தான் போய் விழும். அந்த வீட்டின் முதல் வக்கீல் ஏற்கெனவே யூனிஃபார்ம் போட்டு என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள்தான் அவளை இன்னும் பார்க்கவில்லை.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். தேதியைச் சொன்னால் உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர்க் கரைகளில் திரும்பி வராதவர்களுக்காகக் காத்திருந்த பெண்களுக்கு, கடலுக்கு அடுத்தபடியாகச் சட்டமும் எதிரே வந்து நின்றது. உடல் கிடைக்காதவரை இறப்புச் சான்றிதழ் இல்லை. காணாமல் போனவர் இறந்துவிட்டதாக அனுமானிக்க, அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு ஏழு ஆண்டு கேட்டது. அதுவரை கணவன் பெயரிலிருக்கும் வங்கிக் கணக்கு, படகுக் கடன், பென்ஷன் எல்லாம் அந்தரத்தில். அரசு பின்னர் தனி ஏற்பாடு செய்து 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளோடு போவது என்று பாதிரியாரையும் பஞ்சாயத்து ஆட்களையும் சுற்றிச் சுற்றி வந்தார்கள் அந்தப் பெண்கள். அன்று நான்காம், ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் நேற்றும் இன்றுமாகப் பிளஸ் டூ முடிக்கிறார்கள். அனுமானம், சான்று, வாரிசு போன்ற சொற்களைப் பாடப் புத்தகத்துக்கு முன்பே வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். சட்டத்துக்கு ஏற்ற பிள்ளை யார் என்று என்னிடம் கேட்டால் இவர்களைத்தான் காட்டுவேன்; பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்குகிறவனை அடுத்தபடியாகத்தான்.

கடற்கரையை விட்டு மேலே வந்தாலும் கதை இதுதான். மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முந்தைய நிலப் பத்திரங்கள் மலையாளத்தில் கிடக்கின்றன. வாசிக்க ஆள் தேட வேண்டும். பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் என்ன தருகிறது என்று உட்கார்ந்து சொல்ல அவர்களுக்குள்ளேயே படித்த ஒரு பிள்ளை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கிள்ளியூர்ப் பக்கம் மணல் எடுப்பு விவகாரத்தில் கருத்துக் கேட்பு என்றால் என்ன, அதற்கு எத்தனை நாள் முன்னால் அறிவிக்க வேண்டும் என்று என் மாணவர்கள் என்னிடம் கேட்டார்கள். 30 நாள் என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஒரு முறை பிளஸ் ஒன் பிள்ளைகள் சிலரை, அனுமதி வாங்கி, மாவட்டத்துக் கோர்ட் ஒன்றுக்குக் கூட்டிப் போயிருந்தேன். டவாலி வாசலில் நின்று பெயர்களைக் கூப்பிட்டபோது சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தார்கள். உள்ளே ஒரு சிவில் வழக்கில் குறுக்கு விசாரணை. கூண்டில் ஒரு வயதான பெரியவர். வேலி எந்தப் பக்கம், பலா மரம் யார் நிலத்தில் நிற்கிறது என்று வக்கீல் மெல்லிய குரலில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழிந்ததும் ஒரு பெண் பிள்ளை என் காதருகே வந்து, "டீச்சரே, ஆரும் சத்தம் போடல்லியே?" என்றாள். சினிமாக் கோர்ட்டை எதிர்பார்த்து வந்தவள். வெளியே வந்ததும் அவள் வேறு ஒன்றும் கேட்டாள். அந்தப் பெரியவர் பலா மரத்தைப் பற்றி முதலில் ஒன்று சொன்னார், பிறகு மாற்றிச் சொன்னார், அதை வக்கீல் ஏன் உடனே பிடித்துக்கொள்ளவில்லை? எனக்குப் பதில் தெரியவில்லை. நடைபாதையில் போன ஒரு பெண் வக்கீலிடம் கேட்டோம். அவர் நின்று, கேஸ் கட்டைக் கைமாற்றிக்கொண்டு, "அது ஆர்கியூமெண்டுக்கு மக்கா, இப்போ காட்டிக் குடுத்தா அவரு சரி பண்ணிருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து வினாடி இருக்கும். அந்தப் பத்து வினாடியைத்தான் ஏழு ஆண்டுக்கு நீட்டித் தரும்படி கேட்கிறேன்.

கேட்டவள் தமிழ் வழியில் படிக்கிறவள். சட்டம் என்றாலே இங்கிலீஷ் என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அன்று கேட்ட சாட்சியம் முழுக்கத் தமிழில். கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ் என்பதை ஆசிரியர் நான் சொன்னால் பாடம். கோர்ட் வராந்தாவில் நின்று நீங்கள் சொன்னால் அவள் நம்புவாள். உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் வேண்டும்தான். அதற்கு இன்னும் ஏழு ஆண்டு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வழி காட்டுவதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. கரியர் கைடன்ஸ் என்று வருகிறவர்களுக்குத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களும் அவற்றில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வும்தான் வாயில் வரும். அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. 2 மணி நேரத்தில் 120 கேள்வி, தப்பானால் மதிப்பெண் குறையும். விண்ணப்பக் கட்டணம் மட்டும் 4,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 3,500. சில ஆண்டுகளாக டிசம்பரில் நடக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது அரையாண்டுத் தேர்வு மாதம். இதைக் கேட்டவுடன் பாதிப் பேர் சட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வே இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கை, எந்த குரூப் படித்திருந்தாலும் சரி என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. நான் இப்போது வகுப்பில் இதை முதலில் சொல்கிறேன், கிளாட்டைப் பிறகு.

கிளாட் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. நல்ல ஆங்கிலமும் துணிச்சலும் உள்ள பிள்ளை எழுதட்டும். திருச்சியிலேயே தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்துக் கொல்லத்துக்காரரான பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் 'இடியா' என்ற அமைப்பைத் தொடங்கி, எளிய வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இந்தத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தி, சேர்ந்த பிறகும் கைவிடாமல் கூடவே நடக்கும் ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டுப் போனார். 2019இல் அவர் மறைந்த பிறகும் அந்த அமைப்பு நடக்கிறது. சேர்த்துவிட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணாததுதான் அதில் எனக்குப் பிடித்தது.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டப் படிப்புக்கும் கிடைக்கிறது. அந்த இடத்தில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்பதாக அறிவித்தது. இங்கே நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குமரியில் அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள உதவி பெறும் பள்ளியில் அதே அண்டி ஆபீஸ் தொழிலாளியின் மகள் படித்தால் அவளுக்கு இந்த 7.5 கிடையாது. எட்டாம் வகுப்புவரை அங்கே படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவளுக்கும் அது கைவிட்டுப் போகிறது. ஆறாம் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரிடம் இதைச் சொல்ல ஆளில்லை. பிளஸ் டூவில் சொல்லிப் பயனில்லை. சட்டம் போட்ட கோடு சரியா தப்பா என்று வாதாட வேண்டிய இடம் உங்களுடையது. நான் கேட்பது, அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

தூரம் இன்னொரு தொல்லை. நம் மாவட்டத்தில் அரசு சட்டக் கல்லூரி இல்லை. பக்கத்தில் இருப்பது 1996இல் வந்த திருநெல்வேலிக் கல்லூரி. களியக்காவிளைப் பிள்ளைக்குத் திருவனந்தபுரம் சுமார் 30 கிலோமீட்டர், திருநெல்வேலியோ நூறைத் தாண்டும். ஆனால் எல்லை தாண்டினால் வேறு நுழைவுத் தேர்வு, வேறு இட ஒதுக்கீட்டுக் கணக்கு, இந்த 7.5 எல்லையிலேயே நின்றுவிடும். எது நல்லது என்று வீட்டுக்கு வீடு மாறும். பத்து நிமிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

ஏற்றுக்கொள்கிறேன் என்று முன்வருகிறவர்களிடம் சிலவற்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். மாதம் இரண்டு சனிக்கிழமை போதும். வருவேன் என்று சொன்னால் வர வேண்டும். எங்கள் பிள்ளைகள் காத்திருந்து பழகியவர்கள், ஏமாந்தும் பழகியவர்கள். சந்திப்பு பள்ளி வளாகத்திலோ சங்க நூலகத்திலோ நடக்கட்டும், வீட்டு ஆபீஸ் வேண்டாம். தனியாக ஒரு பிள்ளையும் ஒரு வக்கீலும் என்று வேண்டாம். ஆசிரியர் ஒருவர் கூடவே இருப்போம், பெண் பிள்ளைகளுக்குப் பெண் வழக்கறிஞர் இருந்தால் நல்லது. போக்சோ பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்கிற உங்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. டீ வாங்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் அனுப்பாதீர்கள், அதற்கெல்லாம் ஜூனியராக வந்த பிறகு நிறையக் காலம் இருக்கிறது. முக்கியமாக, பிள்ளைகளின் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்காதீர்கள்.

அந்தச் சனிக்கிழமைகளில் என்ன செய்வது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு செய்தித்தாள் தீர்ப்புச் செய்தியை எடுத்து யார் கேட்டார், என்ன கேட்டார், கோர்ட் ஏன் அப்படிச் சொன்னது என்று பிரித்துப் பார்க்கலாம். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். ஒரு மனு எழுத வைக்கலாம், அவர்கள் ஊர் ரோட்டுக்கோ குளத்துக்கோ. உங்களிடம் முடிந்துபோன ஒரு வழக்கின் கட்டைப் பெயர்களை மறைத்துக் கொடுத்தால் அதைவிட நல்ல பாடப் புத்தகம் எங்களிடம் இல்லை.

"ஏற்கெனவே வக்கீல்கள் நிறைஞ்சு கிடக்காங்க, இருக்கறவங்களுக்கே கேஸ் இல்ல டீச்சர்" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். இருக்கலாம். அவருடைய மகனும் சட்டம்தான் படிக்கிறான் என்பதை அப்போது அவருக்கு நினைவுபடுத்தவில்லை, இப்போது செய்கிறேன். 1921இல் நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீலாக நுழைந்த நேசமணி, சாதி பார்த்துச் சிலருக்கு நாற்காலியும் சிலருக்கு முக்காலியும் போட்டிருந்ததைக் கண்டு முக்காலியை எறிந்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார் என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளான நவம்பர் 1ஆம் தேதி அவருக்கு மாலை போடும்போதும் இந்தக் கதையைச் சொல்கிறோம். பள்ளியாடியிலிருந்து வந்தவர் அவர். அந்த அறைக்குள் யார் பிள்ளை வருவது என்ற கேள்வி அன்றைக்கே உங்கள் சங்கத்தில்தான் கேட்கப்பட்டது.

பெற்றோருக்கு இருக்கும் பெரிய பயம், படித்து முடித்த பிறகு என்ன என்பதுதான். பார் கவுன்சிலில் பதியப் பல்லாயிரம் கட்ட வேண்டும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 30 தீர்ப்பில், சட்டம் சொன்ன 750 ரூபாய்க்கு மேலும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒரு பெற்றோர் கூட்டத்தில் நான் சொன்னபோது ஒரு அப்பா, "எழுதித் தாங்க டீச்சர்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அடுத்து அவர் கேட்டதற்கு எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை. "ஜூனியரா இருக்கும்போ மாசம் என்ன தருவாங்க?"

அதே 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்றது. நம் மாவட்டத்தில் எத்தனை ஆபீஸில் அது கொடுக்கப்படுகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். வசதியான வீட்டுப் பையன் மூன்று ஆண்டு சும்மா வந்து போவான். சிவில் நீதிபதித் தேர்வுக்கும் மூன்று ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்லியாகிவிட்டது. அந்த மூன்று ஆண்டைப் பால்வெட்டுக்காரரின் மகள் எதைச் சாப்பிட்டுக் கடப்பாள்? ஏழு ஆண்டு கைபிடித்துக் கூட்டி வந்த பிள்ளையை எட்டாவது ஆண்டில் இந்த இடத்தில் இழப்பதென்றால் நான் தொடங்கவே தயங்குவேன். ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஓர் இரண்டு ஜூனியர்களுக்காவது இந்தத் தொகை கிடைக்கும்படி சீனியர்கள் சேர்ந்து ஒரு நிதி வைக்க வேண்டும் என்று கேட்கிறேன். முழுத் தொகையும் முதலிலேயே முடியாது என்றால் எவ்வளவு முடியும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாங்கள் பெற்றோரிடம் அதைத்தான் சொல்வோம்.

தொடங்குவதற்கு நாளும் தோதாக இருக்கிறது. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை. எங்களுக்கும் விடுமுறை. பிளஸ் டூ ரிசல்ட் வந்திருக்கும், சட்டப் பல்கலைக்கழக விண்ணப்பமும் ஏறத்தாழ அப்போதுதான் வரும். அந்த மாதத்தில் சங்கக் கட்டடத்தில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், விண்ணப்பம் போடத் தெரிந்த ஓர் இளம் வழக்கறிஞர், வாரம் இரண்டு நாள். ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஏப்ரலிலேயே நாங்கள் சொல்லி அனுப்பிவிடுகிறோம். எந்தச் சங்கத்தில் எந்தக் கிழமைகள் என்று மட்டும் பங்குனி முடிவதற்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
விளவங்கோடு தாலுகாவிலிருந்து ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை